பத்தாவது ஆள்

உயரே போன பந்தைக் கையால்தான் பிடிக்கிறார்கள் என்று உலகத்தில் ஒரு நம்பிக்கை நிலவுகிறது. படித்தவர்கள், பத்திரிகைக்காரர்கள், கோப்பை வழங்க மாலையோடு வந்து உட்காரும் கனவான்கள் எல்லோருமே இதை நம்புகிறார்கள். இது எவ்வளவு பெரிய பிழை என்பதை யார் மனமும் புண்படாதபடி, ஆனால் தயவுதாட்சண்யம் இல்லாமல், எடுத்துச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. பந்தைப் பிடிப்பது வாய். இரண்டு பேருக்கு நடுவே பந்து எழும்பிவிட்டால், முதலில் குரல் கொடுப்பவனுக்கே அது சொந்தம். மற்றவன் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும், பந்து தன் மூக்கின் மேலேயே வந்து விழுவதாக இருந்தாலும். கை என்பது அதற்கப்புறம் வந்து மிச்சத்தைக் கவனிக்கும் எடுபிடி. சென்னையில் ஒரு மில்லின் கிரிக்கெட் டீமில் சம்பளத்துக்குப் பந்து பிடித்தவனான எத்திராஜுலு நாயுடுவுக்கு இது நன்றாகத் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் இந்தப் பிற்பகல் அவனுக்கு இன்னும் கொஞ்சம் நிம்மதியாகப் போயிருக்கும். இப்போது அவன் நின்றுகொண்டிருப்பது அஸ்ஸாமில், பர்மாவைப் பார்த்த மலையின் அடிவாரத்தில், புல்டோசர் விட்டுக் காட்டைச் சுரண்டிச் சமன்படுத்திய ஒரு மைதானத்தின் இடக்கோடியில். நடப்பது அமெரிக்கர்களின் பேஸ்பால் ஆட்டம். கடைசிச் சுற்று. இரண்டு பக்கமும் சம ஓட்டம். நாயுடு தன் பக்கத்து ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தான். எத்தனை தரம் எண்ணினாலும் ஒருவன் அதிகமாக வந்தான்.

எண்ண வேண்டிய அவசியம் ஒன்றுமில்லை. பழக்கம். பௌண்டரிக் கோட்டில் நிற்பவனுக்கு நாளெல்லாம் வேலை இருக்காது, சட்டென்று வேலை வந்தால் யார் எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும். அதனால் கண் தானாக ஒரு சுற்று போய்விட்டு வரும். பந்தெறிபவன் ஒருவன், அவன் எதிரே முகத்துக்குக் கம்பிக் கூண்டு போட்டுக் குந்தியிருப்பவன் ஒருவன், ஓடுகிறவன் தங்கி நிற்பதற்குப் போட்ட மணல் மூட்டைகளைச் சுற்றி நாலு பேர், வெளியே நடுவில் அமெரிக்கன் டெக்கர், அந்தக் கோடியில் பெயர் வாயில் நுழையாத ஒரு சிவப்புத் தலைக்காரன், இந்தக் கோடியில் தான். ஒன்பது. பதினொன்று எண்ணிப் பழகிய கண்ணுக்கு ஒன்பது போதாது, அதுதான் ஒன்றை இட்டுக்கட்டிக்கொள்கிறது என்று முதலில் அவன் தனக்குச் சமாதானம் சொன்னான். சமாதானம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இட்டுக்கட்டுவதென்றால் இரண்டு அல்லவா இட்டுக்கட்ட வேண்டும், பதினொன்று ஆக? ஒன்றே ஒன்றுதான் வந்தது. அதுவும் ஒரே இடத்தில். வலது கண்ணின் ஓரத்தில், சுண்ணாம்புக் கோட்டுக்கு உள்ளேயே, காட்டோரமாக, பதினைந்து கஜம் தள்ளி, மில் டீமில் எப்போதும் மாசிலாமணி நிற்கும் இடத்தில். திரும்பிப் பார்த்தால் மூங்கில். மூங்கிலுக்குப் பின்னால் இருட்டு, பகல் மூன்று மணிக்கே. பார்வையைத் திருப்பிக்கொண்டால் மறுபடி வலப்பக்கம் யாரோ ஒருவன் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றுகிறான். ஈரமான பூட்ஸ் போடும் சத்தம், சளக். இன்று மழை இல்லை. நேற்றும் இல்லை. புல் காய்ந்து கிடக்கிறது. சளக். காது அடைத்திருக்கும், மலேரியாவுக்குக் கொயினா மாத்திரை தின்றால் காதில் என்னென்னவோ கேட்கும் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் சொன்னது வண்டுச் சத்தம். பூட்ஸ் சத்தம் என்று சொல்லவில்லை.

நடுவில் நின்ற டெக்கர் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினான். அப்புறம் மடக்கி ஒரு விரல் ஆக்கினான். ஒருவன் அவுட், இன்னும் இரண்டு பேர் ஆக வேண்டும் என்று அர்த்தம். எதிரணி புல்டோசர் ஓட்டுபவர்கள். அவர்களில் ஒருவன் ஏற்கெனவே மூன்றாம் மூட்டையில் காலை வைத்துக்கொண்டு தயாராக நிற்கிறான். அங்கிருந்து அவன் புறப்பட்ட இடத்துக்கு ஓடி வந்துவிட்டால் ஆட்டம் தீர்ந்தது. புறப்பட்ட இடத்தை இவர்கள் வீடு என்கிறார்கள். எட்டாயிரம் மைல் தள்ளி வந்து சேற்றில் ஒரு பலகையைப் பதித்து அதற்கு வீடு என்று பெயர் வைத்து, அதைத் தொடுவதற்காக நாய் துரத்துகிற மாதிரி ஓடுகிறார்கள். டெக்கர் நல்லவன். ஊரில் இதே ஆட்டத்தை ஆடிச் சம்பளம் வாங்கியவன். பட்டாளத்தில் சேர்ந்தபோது துப்பாக்கியோடு ஒரு மட்டையையும் கொடுத்து, இதுதான் உன் யுத்தம் என்று சொல்லிவிட்டார்களாம். ராஜா மாதிரி வாழ்க்கை என்று நாயுடு தன் பட்லர் இங்கிலீஷில் சொன்னதற்கு, டெக்கர் சூயிங்கத்தை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, "என் தெருவில் நாலு பையன்கள் செத்தாயிற்று. ஒவ்வொரு கடிதத்திலும் எங்கம்மா நான் எத்தனை ஓட்டம் எடுத்தேன் என்று கேட்கிறாள்" என்றான்.  நாயுடு தோல் கையுறையைப் போட மறுத்ததும், வெறுங்கையால் அந்தக் கருங்கல் பந்தைப் பிடித்துக் காட்டியதும், அமெரிக்கர்கள் கூடி நின்று அவன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததும் எல்லாம் டெக்கருக்குப் பெருமை. அதைவிடப் பெருமை அவன் எறியில். கோடியிலிருந்து குந்தியிருப்பவன் கைக்கு நேராக, தரையில் படாமல் எறிவான் நாயுடு. இரண்டு தரம் எறிந்து இரண்டு பேரை அவுட்டாக்கிய பிறகு, அவன் பக்கம் பந்து போனால் மூட்டையில் நிற்பவன் எவனும் காலை எடுப்பதில்லை. "ஆனால் ஒன்று," என்று டெக்கர் விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லியிருந்தான், சின்னப் பையனுக்குச் சொல்கிற மாதிரி, "எங்கள் ஆட்டத்தில் பிடித்தால் முடிந்துபோகாது. நீ பிடித்ததும் மூட்டையில் நிற்பவன் ஓடலாம். பிடி. எறி. நடுவில் ஒன்றும் செய்யாதே. புரிந்ததா?" புரிந்தது. புரிவதற்கு என்ன இருக்கிறது? கிரிக்கெட்டில் பிடித்தால் முடிந்தது. கை தட்டுவார்கள், அவுட்டானவன் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவான், நீ பந்தை வானத்தைப் பார்த்து வீசிவிட்டு மூச்சு வாங்கிக்கொள்ளலாம். அந்த ஆட்டம் ஒரு காரியம் முடிந்தால் முடிந்தது என்று ஒத்துக்கொள்கிற ஆட்டம். மாசிலாமணி இருந்திருந்தால் இதைக் கேட்டு, "இன்னா நாயுடு இது, செத்தப்புறமும் ஓடுவானுங்களா?" என்று கேட்டிருப்பான். சளக். நாயுடு திரும்பிப் பார்க்கவில்லை.

ஜெயித்தால் கல்கத்தா. அதுதான் பேச்சு. கர்னல் துரையும் அமெரிக்கக் கர்னலும் கைகுலுக்கிச் செய்துகொண்ட ஏற்பாடு. இந்த அணி ஜெயித்தால் அப்படியே மொத்தமாக ரயிலேறிக் கல்கத்தா போய் ஜெனரல்கள் முன்னால் ஆடும், யுத்தம் முடியும்வரை ஆடிக்கொண்டே இருக்கும். தோற்றால் அவரவர் கம்பெனிக்கு அவரவர். நாயுடுவின் கம்பெனி பாலம் கட்டும் கம்பெனி. அது நாளைக் காலை மலையேறுகிறது, ஆற்றுக்கு, அதே ஆற்றுக்கு. மதியம் டீ குடிக்கும்போது சுபேதார் சுடலைமுத்து வந்து பக்கத்தில் குந்தினார். திருநெல்வேலிக்காரர். பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு மைதானத்தை மாட்டுச் சந்தை பார்ப்பது போலப் பார்த்தார். "ஏல நாயுடு, ஜெயிச்சா ஒனக்கு ரசகுல்லா. தோத்தா காலையில லாரி. எனக்கு ரெண்டும் ஒண்ணுதாம்ல. ஆனா ஆத்துல ஆள் கொறையுது, அதையும் சொல்லிப்புடுதேன்." "நான் ஜெயிக்கத்தான் பார்ப்பேன், சாப்." "பாரு, பாரு. ஒன் கைய நம்பி கர்னல் ஒரு பெட்டி விஸ்கி கட்டியிருக்காரு. என் உசிருக்கு எவனும் ஒரு பாட்டில் சோடா கட்டமாட்டான்." சிரித்துவிட்டு எழுந்தார். எழுந்தவர் திரும்பி, சிரிக்காமல், "அந்த மாசிலாமணிப் பய ஒடம்பு இன்னும் கெடைக்கல, கேட்டியா? வலைய கிலைய எல்லாம் போட்டுப் பாத்தாச்சு" என்றார். அதை ஏன் இப்போது சொன்னார்? ஆட்டத்துக்குப் போகிறவனிடம் சொல்கிற பேச்சா அது? கிடைக்கவில்லை என்றால் என்ன? ஆறு வேகமான ஆறு. கிடைக்கவில்லை என்பதற்கு அதற்குமேல் அர்த்தம் கிடையாது. கிடைக்காத உடம்பு எங்கேயாவது இருந்துதானே ஆகவேண்டும் என்று யோசிக்கிற மனம்தான் கெட்ட மனம். நாயுடு உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். பந்தெறிபவன் எறிந்தான். மட்டைக்காரன் சுற்றினான், காற்றைத்தான் அடித்தான். யாரோ ஊளையிட்டார்கள்.

பல். எல்லாம் அந்தப் பல்லிலிருந்துதான். மில் மைதானத்தில், சேர்ந்த புதிதில், இரண்டு பேரும் மேலே பார்த்துக்கொண்டு ஒரே பந்துக்கு ஓடி, நாயுடுவின் மண்டையில் மாசிலாமணியின் வாய் மோதி, முன்பல் ஒன்று புல்லில் விழுந்தது. அதைத் தேடி எடுத்துக் கழுவிக் கையில் வைத்துக்கொண்டு மாசிலாமணி சொன்னான்: "இது உன் கணக்குல நாயுடு. இனிமே வாயத் தொறந்து சொல்லிட்டு ஓடு. நீ சொல்லு இல்லேன்னா நான் சொல்றேன். சொல்லிட்டா அடுத்தவன் கல்லு மாதிரி நின்னுடணும், இன்னா?" அன்றிலிருந்து பெரும்பாலும் அவன்தான் சொன்னான். விடு நாயுடு, நான். அந்த ஓட்டைப் பல்லில் 'வி' வரும்போது ஒரு சின்னச் சீழ்க்கை கலந்து வரும், பால்காரன் சைக்கிள் பிரேக் போடுகிற மாதிரி. மைதானத்தில் ஆயிரம் பேர் கத்தினாலும் அந்தச் சீழ்க்கை தனியாகக் கேட்கும். நாயுடு நின்றுவிடுவான். ஒரு தரம்கூட மீறியதில்லை. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பாதிச் சென்னை ஊரைக் காலி செய்து ஓடி, மில் டீமைக் கலைத்துவிட்டபோது, "வா, பட்டாளத்துலயும் பந்து இருக்கும்" என்று சொல்லி இழுத்துக்கொண்டு போனவனும் அவன்தான். இருந்தது. பிரிகேட் கிரிக்கெட் ஆட்டம் என்று ஒன்று வைத்தார்கள். அதே காலையில் ஆற்றில் மிதவைப் பாலம் அறுத்துக்கொண்டது என்று தகவல். சுபேதார் ஆட்களை நிறுத்தினார். கர்னல் ஆட்டத்துக்கு ஆள் கேட்கிறார், பாலத்துக்கும் ஆள் வேணும், நீங்க ரெண்டு பேர்ல ஒருத்தன் லாரியில ஏறுங்கலே, எவன்னு நீங்களே சொல்லுங்க, என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒரு அமைதி இருந்தது. அந்த அமைதியின் நீளம் என்ன? அதைத்தான் நாயுடு அன்றிலிருந்து அளந்துகொண்டிருக்கிறான், தூங்கும்போதும் சாப்பிடும்போதும், இப்போது இந்தக் கோடியில் நின்றுகொண்டும். பந்து எழும்பியவுடன் குரல் கொடுக்கிறவன் ஒரு வகை. பந்து வேண்டாம் என்று நினைக்கிறவன் வேறு வகை. அவன் ஓடுவான், ஓடுகிற மாதிரி ஓடுவான், வாயைத் திறக்க அரை நொடி தாமதிப்பான், அடுத்தவன் குரல் கொடுத்ததும் அடடா என்று நிற்பான். பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. பக்கத்தில் ஆடுகிறவனுக்குத் தெரியும். மாசிலாமணிக்குத் தெரிந்திருக்குமா? நாயுடு வாயைத் திறக்கத்தான் இருந்தான். திறந்தும்விட்டான் என்றுகூடச் சொல்லலாம், உதடு பிரிந்தது, மூச்சு உள்ளே போனது. அதற்குள் வலப்பக்கத்திலிருந்து அந்தச் சீழ்க்கை. விடு நாயுடு, நான். நாயுடு கல் மாதிரி நின்றான். விதி அதுதானே. சொல்லிவிட்டால் நின்றுவிட வேண்டும். லாரியில் ஏறும்போது மாசிலாமணி திரும்பி, "கேட்ச் எதையும் உட்டுடாத, கர்னல் அழுவாரு" என்றான். அன்று மாலை நாயுடு மூன்று கேட்ச் பிடித்தான்.

புல் விழுந்தது. முதலில் பூச்சி என்று நினைத்தான். நாலைந்து புல் துணுக்குகள், வலப்பக்கம், தோள் உயரத்திலிருந்து, மெதுவாக, ஒன்றன்பின் ஒன்றாக இறங்கித் தரையில் உட்கார்ந்தன. மாசிலாமணிக்கு ஒரு வழக்கம் இருந்தது. சும்மா நிற்கும்போது குனிந்து ஒரு பிடி புல்லைப் பிடுங்கி, கையை நீட்டி விரலைத் திறந்து, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பான். எறிகிறவன் பந்தெறிவதற்கு முன்னால் ஒவ்வொரு தரமும். "இன்னா நாயுடு, காத்து எங்கே போவுது, சொல்லு?" கிண்டல் செய்வான் நாயுடு, நீ என்ன கப்பலா ஓட்டுகிறாய் என்று. இப்போது காற்றே இல்லை. மூங்கில் இலை அசையவில்லை. புல் நேராகக் கீழே விழுந்தது, தொங்கவிட்ட நூல் மாதிரி. குரங்காக இருக்கும். காட்டோரம் குரங்கு இருக்கும், குரங்கு புல்லைப் பிடுங்கும். தோள் உயரக் குரங்கு. நாயுடு டெக்கரைப் பார்த்தான். டெக்கரும் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தான், ஆனால் நாயுடுவைப் பார்க்கவில்லை, நாயுடுவைத் தாண்டி வலப்பக்கமாக, புருவத்தைச் சுருக்கிக்கொண்டு. பிறகு தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "ஏய் நாய்டூ, கோட்டுப் பக்கமாக இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லு, அந்தப் பக்கம் யாரும் இல்லை" என்று கத்தினான். யாரும் இல்லை. நல்லது. அதைச் சொல்ல அவன் ஏன் தொப்பியைக் கழற்ற வேண்டும்? நாயுடு வலப்பக்கம் இரண்டு அடி வைத்தான். ஈரக் காக்கியின் வாடை வந்தது, நாலு நாள் பெட்டிக்குள் மூடி வைத்த துணியின் வாடை. மறுபடி இரண்டு அடி இடப்பக்கம் வந்துவிட்டான்.

அப்போது பந்து எழும்பியது. சத்தம் முதலில், விறகு பிளக்கிற மாதிரி. பிறகு பந்து, மட்டையிலிருந்து இல்லாமல் மலையிலிருந்தே கிளம்பின மாதிரி, வெள்ளையாக, சின்னதாக, மேலே மேலே. நாயுடுவின் கால்களுக்கு அது எங்கே இறங்கும் என்று அந்தக் கணமே தெரிந்துவிட்டது. கால்கள் வலப்பக்கம் பின்வாங்கி ஓடத் தொடங்கின. சுண்ணாம்புக் கோட்டுக்கு உள்ளே, காட்டோரமாக, அந்த இடத்தில், நேராக அந்த இடத்தில். டெக்கர் வெகு தூரம், "உன்னுது, உன்னுது!" என்று கத்துகிறான். மூன்றாம் மூட்டைக்காரன் மூட்டையில் காலை ஊன்றிக்கொண்டு நாயுடுவின் கையையே பார்க்கிறான், அந்த எறிக்குப் பயந்தபடி. எல்லாம் ஒரே பார்வையில் தெரிந்தது, எல்லாம் தொலைவில், தண்ணீருக்கு அடியிலிருந்து பார்க்கிற மாதிரி. தண்ணீருக்கு அடியிலிருந்து மேலே பார்த்தால் வானம் இப்படித்தான் தெரியுமா, வெள்ளையாக ஒரு வட்டம், அதில் ஒரு புள்ளி? புள்ளி பெரிதாகிறது. பூட்ஸ் சத்தம் தன் பூட்ஸ் சத்தத்தோடு இன்னொன்றாக ஓடி வருகிறது, சளக் சளக், பக்கவாட்டில், நெருங்கி, மண்டையும் வாயும் மோதுகிற கோணத்தில். மேலே பார்க்கிறான், வலப்பக்கம் பார்க்க மாட்டேன், மேலே பார்க்கிறான். காதுக்குப் பக்கத்தில் சீழ்க்கை கலந்த குரல். விடு நாயுடு, நான். கால்கள் நின்றன. அவன் நிறுத்தவில்லை, அவையாக நின்றன, கல் மாதிரி, எத்தனையோ வருஷப் பழக்கம். பந்து இறங்குகிறது. விட்டுவிடலாம். குரல் வந்தாயிற்று, விதிப்படி இது அவனுடையது, பந்து காய்ந்த புல்லில் தொப்பென்று விழும், அங்கே யாரும் இருக்க மாட்டார்கள், எல்லோரும் கேட்பார்கள் ஏன் நின்றாய் என்று, என்ன சொல்வது? மறுபடியும் நின்றேன் என்றா? உதடு பிரிந்தது, மூச்சு உள்ளே போனது. இந்த இடம் அவனுக்குத் தெரியும். இந்த அரை நொடிக்குள் அவன் எத்தனை நாளாகக் குடியிருக்கிறான், இதன் சுவர் எங்கே கதவு எங்கே என்று இருட்டிலும் தெரியும். "இல்லடா!" என்று கத்தினான் நாயுடு, மலையில் பட்டுத் திரும்புகிற அளவுக்கு. "இல்லடா மாசிலா, நான்! நான்!" கால்கள் பிய்த்துக்கொண்டு வந்தன. பாய்ந்தான். பந்து வலது கையின் கடைசி இரண்டு விரலில் இடித்து, உள்ளங்கைக்குள் உருண்டு, நின்றது. யாரும் மோதவில்லை. வலப்பக்கம் வெறும் காற்று, சில்லென்று, வழிவிட்டு ஒதுங்கிய மாதிரி.

முடிந்தது. பிடித்தாயிற்று. நாயுடு முழங்காலில் எழுந்தான், கண் நிறைந்துவிட்டது, யாரிடமாவது காட்ட வேண்டும்போல் இருந்தது, பார்த்தாயா, இந்தத் தரம் நான் சொல்லிவிட்டேன், வாயைத் திறந்து சொல்லிவிட்டேன். அம்பயர் விரலைத் தூக்கியிருப்பார், மில் கொட்டகையில் கை தட்டிக்கொண்டிருப்பார்கள். அவன் கை தானாகப் பின்னால் போய்ச் சுழன்று பந்தை வானத்துக்கு வீசியது, நேராக, உயரமாக, மில் மைதானத்தில் ஒவ்வொரு கேட்சுக்கும் வீசியது போல. அது மேலே போய்க்கொண்டிருக்கும்போதுதான் டெக்கரின் கத்தல் காதில் ஏறியது. பிடி, எறி. மூன்றாம் மூட்டைக்காரன் அதுவரை காலை எடுக்கவில்லை. பந்து ஆகாயத்தைப் பார்த்துப் போவதைக் கண்டு ஒரு கணம் வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிட்டு, பிறகு ஓடினான். அவசரம்கூடப் படவில்லை. கடைசிப் பத்தடியை நடந்தே போய்ப் பலகையைத் தொட்டான். புல்டோசர்க்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். கர்னல் துரை நாற்காலியை விட்டு எழுந்து தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார். பந்து திரும்பி வந்து நாயுடுவுக்குப் பக்கத்தில் விழுந்து இரண்டு முறை குதித்தது. அவன் வலப்பக்கம் பார்த்தான், இந்தத் தரம் நேராகவே. மூங்கில். மூங்கிலுக்கு முன்னால் சில புல் துணுக்குகள் இறங்கிக்கொண்டிருந்தன. டெக்கர் நடந்து வந்து, பந்தை எடுத்துத் தன் சட்டையில் துடைத்து, அவன் கையில் வைத்தான். "யாரைப் பார்த்து அப்படிக் கத்தினாய்?" என்று கேட்டான். "எங்கள் டீம் ஆள்" என்றான் நாயுடு. டெக்கர் மூங்கிலைப் பார்த்தான், தலையை ஆட்டினான். "நல்லா ஓடினான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

மறுநாள் காலை லாரி கிளம்பும்போது, கடைசியாக ஏறின நாயுடுவின் வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் வீங்கிச் சேர்த்துக் கட்டியிருந்ததால், பின்பலகையின் கொண்டியை அவனால் போட முடியவில்லை. வலப்பக்கம் ஈரக் காக்கியில் இருந்தவன் போட்டுவிட்டான்.